கழுத்துச் சுரப்பியும் கதிரியக்க அயோடினும்

அணுவின் ஆற்றல் என்றதும் நம்மில் பலருக்கு அழிவே நினைவிற்கு வருகிறது. அதே ஆற்றல் ஒரு சிறு குளிகையினுள் அடங்கி, நோய் தீர்க்கும் மருந்தாகவும் பயன்படுகிறது. தைராய்டு நோய்க்குக் கொடுக்கப்படும் கதிரியக்க அயோடின் அத்தகையது. வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு, மருத்துவமனையில் தரப்படும் அறிவுரைகள் பெரும்பாலும் பிற மொழியிலேயே கிடைக்கின்றன. ஆதலின் இச்சிகிச்சையின் அடிப்படையை நம் மொழியில் அறிந்திருத்தல் நலம்.

குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி போன்ற வடிவில் அமைந்திருப்பது தைராய்டுச் சுரப்பி. உடலின் இயக்க வேகத்தை இதன் சுரப்புநீர் ஒழுங்குபடுத்துகிறது. அதனை உண்டாக்க அயோடின் தேவை. நாம் உண்ணும் உணவிலுள்ள அயோடினை இச்சுரப்பி நாடி இழுத்துக்கொள்கிறது. சுரப்பு மிகுந்துவிட்டால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், நன்றாக உண்டும் உடல் மெலியும்.

சுரப்பி அயோடினை நாடுகிறதென்றால், கதிர்வீசும் அயோடினைக் கொடுத்து அதன் மிகை இயக்கத்தை அடக்கலாகாதா? பாஸ்டன் நகர மருத்துவர் சால் ஹெர்ட்ஸ் என்பவரின் உள்ளத்தில் 1936-இல் எழுந்த எண்ணம் இது. 1938-இல் லிவிங்குட், சீபோர்க் என்னும் விஞ்ஞானிகள் அயோடின்-131 என்ற கதிரியக்க அயோடினைக் கண்டறிந்தனர். 1941-இல் ஹெர்ட்ஸ், இயற்பியலறிஞர் ஆர்தர் ராபர்ட்ஸின் துணையுடன் கதிரியக்க அயோடினை முதன்முதலாக நோயாளிக்கு அளித்தார்.

இந்த அயோடின் வெளியிடும் பீட்டாக் கதிர்கள் உடல் திசுவில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டருக்கு மேல் செல்வதில்லை. ஆகவே சுரப்பியின் உயிரணுக்கள் அழிய, அண்டையிலுள்ள உறுப்புகள் பெரும்பாலும் காக்கப்படுகின்றன. தைராய்டுப் புற்றுநோயின் சில வகைகளில், அறுவைக்குப் பின் எஞ்சிய அணுக்களை அழிக்கவும் இது உதவுகிறது.

நம் நாட்டில் டிராம்பேயிலுள்ள அணு உலையில் இம்மருந்து தயாராகிறது. மும்பை பரேலில் உள்ள கதிர்வீச்சு மருத்துவ மையம் 1963-இல் தொடங்கப்பெற்றது. இன்று பல பெருநகரங்களில் இச்சிகிச்சை கிடைக்கிறது.

சிகிச்சைக்கு முன்பு சில நாட்கள் அயோடின் கலந்த உப்பையும் கடல் மீனையும் விலக்குமாறு மருத்துவர் கூறுவதுண்டு. பசித்திருக்கும் சுரப்பியே மருந்தை நன்கு ஏற்கும் என்பது காரணம். கருவுற்ற பெண்களுக்கு இம்மருந்து கூடவே கூடாது. பாலூட்டும் தாய்மார் முன்னதாகவே பாலூட்டலை நிறுத்திவிட வேண்டும். மருந்துக்குப் பின் அக்குழந்தைக்கு மீண்டும் பாலூட்டலாகாது. சிகிச்சைக்குப் பின் ஆறு மாதமேனும் கருவுறுதலைத் தவிர்க்க வேண்டும்.

மருந்துண்டவர் சில நாட்கள் விலகியிருக்க வேண்டும் என்பதே குடும்பத்தாரை மிகவும் கலங்கச் செய்கிறது. இதில் தொற்றுமில்லை, தீட்டுமில்லை. அயோடின் வெளியிடும் காமாக் கதிர்கள் உடலைக் கடந்து வெளியே வருகின்றன. தொலைவு கூடக் கூட அவற்றின் வலிமை குன்றுகிறது. எட்டு நாட்களில் கதிரியக்கம் பாதியாகும். பதினாறு நாட்களில் காலாகும். சிறுநீர் வழியாகவும் பெரும்பகுதி வெளியேறிவிடுவதால் உடலில் எஞ்சுவது இன்னும் விரைவாகக் குறையும். தனியே உறங்குதல், கழிப்பறையில் நிறைய நீர் ஊற்றுதல், கைகளை நன்கு கழுவுதல், தட்டையும் துணியையும் வேறாக வைத்தல் ஆகியவை போதும். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அண்ட விடலாகாது. புற்றுநோய்க்கு மிகுந்த அளவு தரும்போது மருத்துவமனையிலேயே தனியறையில் வைத்திருப்பர்.

ஓரறை, ஈரறைக் குடியிருப்புகளில் வாழ்வோர் குழந்தைகளை உறவினர் வீட்டில் விட முன்னரே ஏற்பாடு செய்துகொள்ளலாம். மருந்துண்ட கையோடு ஊருக்கு ரயிலேறுதல் தகாது. தில்லியிலிருந்து சென்னை வரை ஒரு பகலும் ஓரிரவும் அடுத்த இருக்கையில் அமர்ந்து வருபவர் கர்ப்பிணியாகவும் இருக்கலாம் அன்றோ? பயண நாளை மருத்துவரைக் கேட்டே முடிவு செய்தல் வேண்டும்.

குணம் உடனே தெரியாது. சில வாரங்கள், சில மாதங்கள் ஆகும். பிறகு சுரப்பு குறைந்துவிடுவது மிகுதியும் நேர்வதே. அதற்கு நாள்தோறும் வெறும் வயிற்றில் தைராக்ஸின் மாத்திரை உண்டு வந்தால், இயல்பான வாழ்வு வாழலாம். அறிவுரைத் தாளில் ஒரு வரி விளங்காவிடினும், கையெழுத்திடுமுன் நமக்குத் தெரிந்த மொழியில் விளக்கம் கேட்கத் தயங்க வேண்டுவதில்லை.