கடலுக்கு அப்பால் ஒரு திண்ணை

ஸான்ஸிபார் தீவுக்கு விடுமுறைக்குப் போகும் தமிழர்கள் புதுமையைத் தேடிப் போகிறார்கள். அங்கே எதிர்ப்படுவது தாத்தா காலத்து வீடு. கூடவே, தீராத ஒரு பழைய கணக்கும்.

பெங்களூரிலிருந்து ஓசூர் போகும் சாலையில், எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டியதும் வருகிறது சந்தாபுரா. கம்ப்யூட்டர் வேலைக்கும் தொழிற்சாலை வேலைக்கும் வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் இங்கே நிறைய. ஏரியும் வயலுமாக இருந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்துவிட்டன. வாசலில் வாட்ச்மேனுக்கு நாற்காலி உண்டு. தெருவில் போகிறவர் உட்காரத் திண்ணை கிடையாது.

ஊட்டி, மூணாறு என்று போய்க்கொண்டிருந்த இந்த நடுத்தர வர்க்கம் இப்போது பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு தாய்லாந்துக்கும் பாலித் தீவுக்கும் பறக்கிறது. எல்லாம் கிழக்குத் திசைதான். மேற்கே பார்ப்பவர்கள் குறைவு. பார்த்தால், அரபிக் கடலின் மறுபக்கத்தில், சுமார் 4,700 கிலோமீட்டர் தொலைவில், தான்ஸானியாவைச் சேர்ந்த ஸான்ஸிபார் தீவுகள் இருக்கின்றன. வளைகுடா நகரம் ஒன்றிலோ அடிஸ் அபாபாவிலோ விமானம் மாறிப் போய்ச் சேரலாம்.

போய் இறங்கியதும் கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவைக்க வேண்டும். அது சுலபம். உள்ளூர்க்காரர் மணி சொல்லும் விதத்தைப் புரிந்துகொள்வதுதான் சிரமம். காலை ஏழு மணியை அவர் 'ஸா மோஜா', அதாவது ஒரு மணி என்பார். ஸ்வாஹிலி மொழியில் நேரக் கணக்கு நள்ளிரவில் தொடங்குவதில்லை, விடியலில் தொடங்குகிறது. சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய நம் முன்னோருக்கு இது உடனே புரிந்திருக்கும்.

உங்குஜா என்ற பெரிய தீவில் இருக்கிறது ஸ்டோன் டவுன். பவளப்பாறைக் கல்லால் கட்டிய இந்தப் பழைய நகரத்தை 2000-ம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சந்துகள் மிகக் குறுகல். பல இடங்களில் கார் நுழையாது. செதுக்கு வேலைப்பாடுள்ள கதவுகளில் பித்தளைக் குமிழ்கள் மின்னும். வீட்டு வாசலையொட்டி, சுவரோடு சேர்ந்து நீளமான கல் மேடை இருக்கும். அதன் பெயர் 'பராஸா'. மாலையில் அங்கே காபி குடிக்கிறார்கள், அரசியல் பேசுகிறார்கள். மழை கொட்டிச் சந்தில் தண்ணீர் ஓடினால் அதன் மேலேயே ஏறி நடக்கிறார்கள். தமிழில் அதற்குத் திண்ணை என்று பெயர். வித்தியாசம் ஒன்றுதான்: அவர்கள் இன்னும் அதை இடிக்கவில்லை.

அந்தத் திண்ணையில் பெரியவர்கள் குழிகள் கொண்ட மரப்பலகையை வைத்துக்கொண்டு ஆடும் ஆட்டம் 'பாவ்'. நம் பல்லாங்குழிக்கு இரண்டு வரிசையில் 14 குழிகள் என்றால், பாவ் பலகைக்கு நான்கு வரிசையில் 32 குழிகள். 64 காய்கள். வழக்கமாகக் காயாக வைப்பது கழற்சி விதை. நம் ஊரில் பல்லாங்குழி பெண்களின் ஆட்டமாக வீட்டுக்குள் இருந்து, பிறகு பரணுக்குப் போய்விட்டது. அங்கே அது தெருவில் ஆண்கள் மானப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டு ஆடும் ஆட்டம்.

சமையலறையிலும் இதே கதைதான். பலகையில் உட்கார்ந்து, அதன் முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் பல் வைத்த இரும்பில் தேங்காய் துருவுகிறார்கள். நம் வீடுகளில் அரிவாள்மணை நுனியில் இருக்கும் அதே பல்தான். அந்தப் பலகையின் பெயர் 'ம்பூஸி'. ஸ்வாஹிலியில் அதற்கு ஆடு என்றும் பொருள். தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, ஆக்டோபஸ் குழம்பு, சமோசா, பஜ்ஜி எல்லாம் கிடைக்கும். சப்பாத்தி அங்கேயும் 'சபாத்தி', டீ 'சாய்', லட்சம் 'லாகி', கார் 'காரி'. மொழியில் கலந்தது பாட்டிலும் கலந்தது. 'தாராப்' இசையின் முன்னோடிப் பாடகி சித்தி பின்த் சாத், 1928-ல் இசைத்தட்டுப் பதிவுக்காகக் கப்பலேறி வந்த ஊர் பம்பாய்.

கிழக்குக் கரையில் பாஜே, ஜம்பியானி கிராமங்களில் கடல் உள்வாங்கும் நேரத்தில் இன்னொரு காட்சி. முழங்கால் தண்ணீரில் பெண்கள் குனிந்து நின்று, குச்சி நட்டுக் கயிறு கட்டிக் கடல்பாசி வளர்க்கிறார்கள். 1980-களின் இறுதியில் வந்த இந்தத் தொழில்தான் பல பெண்களின் கையில் முதன்முதலாகச் சொந்தப் பணத்தைக் கொண்டுவந்தது. கடல் நீர் சூடாவதால் நல்ல விலை போகும் ரகம் இப்போது சரியாக வளர்வதில்லை. சிலர் பாசியில் சோப்பு செய்து விற்கிறார்கள். இராமநாதபுரம் மாவட்டத்தில் பாசி எடுக்கும் பெண்களை அறிந்தவர்களுக்கு இது வேறு நாட்டுக் கதையாகத் தோன்றாது. கடற்கரை ஓட்டலின் சாய்வு நாற்காலியில் படுத்திருப்பவருக்கு அந்தப் பெண்கள் ஒரு புகைப்படம். ஆனால் அவர்கள் நிற்பது வேலையில். கேட்காமல் படமெடுப்பது அங்கே மரியாதைக் குறைவு.

இவ்வளவு ஒற்றுமை எப்படி வந்தது? சிலவற்றுக்குத் தென்னையும் கடலும் காரணம். சிலவற்றைக் கொண்டுவந்தது காற்று. ஆண்டில் பாதி வடகிழக்கிலிருந்து வீசும் காற்று பாய்மரக் கப்பல்களை அங்கே தள்ளியது. மறுபாதியில் தென்மேற்குக் காற்று திருப்பி அனுப்பியது. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடல்வழிக் கையேடான பெரிப்ளூஸ், கிழக்கு ஆப்பிரிக்கக் கரையையும் தமிழர் கரையையும் ஒரே புத்தகத்தில் பேசுகிறது.

ஆனால் காற்று கொண்டுபோனது சப்பாத்தியை மட்டுமல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓமன் சுல்தான் தலைநகரையே மஸ்கட்டிலிருந்து இங்கே மாற்றிக்கொண்டு கிராம்புத் தோட்டங்களைப் பெருக்கினார். அவற்றில் உழைத்தவர்கள் அடிமைகள். கச்சிலிருந்து வந்த ஜெய்ராம் ஷிவ்ஜி நிறுவனம் பல ஆண்டுகள் சுல்தானின் சுங்க வசூலைக் குத்தகைக்கு எடுத்திருந்தது. தந்தத்துக்குச் சுங்கம் இருந்தது, மனிதர்களுக்கும் இருந்தது. ஆப்பிரிக்க உள்நாட்டுக்குப் போன வணிகக் கூட்டங்களுக்குக் கடன் கொடுத்தவர்களில் இந்தியர்கள் முக்கியமானவர்கள். அடிமைச் சந்தை மூடப்பட்டது 1873-ல். அந்த இடத்தில் இப்போது ஆங்கிலிக்கன் தேவாலயம். அதன் வளாகத்தில், பள்ளத்துக்குள் கழுத்தில் சங்கிலியோடு ஐந்து உருவங்கள் நிற்கும் சிற்பத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சில்லாமல் வெளியே வருகிறவர்கள் பலர்.

கதை அங்கே முடியவில்லை. 1930-களில் கிராம்பு விவசாயிகளில் பலர் இந்திய வட்டிக்காரர்களிடம் கடன்பட்டிருந்தார்கள். பிரிட்டிஷ் நிர்வாகம் கிராம்பு வியாபாரத்தைத் தன் கட்டுப்பாட்டில் கொண்டுவர முயன்றபோது இந்திய வியாபாரிகள் எதிர்த்தார்கள். அவர்களுக்கு ஆதரவாக இந்தியாவில் காங்கிரஸ் 1937-38-ல் ஸான்ஸிபார் கிராம்பைப் பகிஷ்கரித்தது. 1964 ஜனவரியில் நடந்த புரட்சியில் அரபிகளோடு இந்தியர்களும் தாக்கப்பட்டனர். பலர் உயிரிழந்தனர், பலர் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடினர். குற்றமற்றவர்களும் பழைய கணக்குக்கு விலை கொடுத்தார்கள்.

2023-ல் சென்னை ஐஐடி இங்கே ஒரு வளாகம் திறந்தது. வெளிநாட்டில் எந்த ஐஐடிக்கும் அதுதான் முதல் வளாகம். கணக்குப் புத்தகத்தோடு வந்த இந்தியாவை அறிந்த தீவுக்கு, பாடப் புத்தகத்தோடு வரும் இந்தியா புதியது.

விடுமுறைக்குப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். மார்ச் இறுதியிலிருந்து மே வரை பெருமழை. ஜூன் முதல் அக்டோபர் வரை நல்ல காலம். தீவு மக்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் என்பதால் ஊருக்குள் அடக்கமான உடை நல்லது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி விதிகளை, திரும்பி வருவதற்கும் சேர்த்து, முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, 'கரிபு' என்ற சொல்லைத் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். வாருங்கள், உட்காருங்கள் என்ற அழைப்பு அது. திண்ணையில் நகர்ந்து இடம்விட்டுக்கொண்டே சொல்வார்கள்.

அந்த அழைப்பை இங்கே திருப்பிச் சொல்கிறோமா என்பதுதான் கேள்வி. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த சித்தி மக்கள், சந்தாபுரா இருக்கும் இதே கர்நாடகத்தில், உத்தர கன்னட மாவட்டத்தின் எல்லாப்பூர், ஹலியாள் வட்டாரங்களில் பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள். கன்னடமும் கொங்கணியும் பேசுகிறார்கள். 2003-ல் பழங்குடியினர் பட்டியலில் இடம் கிடைத்தது. 2020-ல் சாந்தாராம் சித்தி மாநில மேலவை உறுப்பினரானார். ஆனாலும் பஸ்ஸில் ஏறினால் 'எந்த நாடு?' என்ற கேள்வி அவர்களை விடுவதில்லை.

ஸான்ஸிபார் போய்வந்தவர்களாவது அப்படிக் கேட்க மாட்டார்கள். பெங்களூரிலிருந்து எல்லாப்பூருக்கு ஓர் இரவு பஸ் பயணம்தான். விசா வேண்டாம்.