வெளிர் இருக்கையில் நீலக் கறை

வேலூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் தென்மாவட்டங்களிலிருந்தும் பெங்களூருக்கு வந்து, பல ஆண்டுகள் நகரப் பேருந்திலும் இருசக்கர வாகனத்திலும் அலைந்து, பின்பு மாதத் தவணையில் ஒரு காரை வாங்கிய குடும்பங்கள் நம்மிடையே அநேகம். பிறருடைய காரை ஓட்டி, அந்தச் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் சகோதரர்களும் அநேகம். இவ்விரு சாராருக்கும் பொதுவான ஒரு தொல்லையைப் பற்றியே இம்மாதம் எழுதுகிறோம். வெளிர் நிறத் தோல் இருக்கையில், உட்காரும் இடத்திலும் முதுகு சாயும் இடத்திலும், நாளாக நாளாகப் படரும் நீலக் கறையே அது.

அற்பக் காரியமாகத் தோன்றலாம். ஆனால் அந்தக் கறையைப் போக்க அவசரப்பட்டுத் தேய்த்ததில் இருக்கையின் நிறமே போய்விடுவதும், அந்தச் செலவு யாருடைய தலையில் என்ற வழக்கு எழும்புவதும், அதன் முடிவில் ஓட்டுநர் வேலையை இழப்பதும் நகரவாழ்வில் நடக்கிற காரியங்களே. கறையால் மட்டுமல்ல, கறை நீக்கும் முறையாலும் இருக்கைகள் கெடுவதுண்டு.

இந்த நீலம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் ஜீன்ஸ் துணியிலிருந்து. அவுரிச் செடியிலிருந்து எடுத்த நீலச் சாயத்தை நம் முன்னோர் நன்கு அறிவார்கள். திண்டிவனத்துப் பக்கத்தில் இன்றும் அவுரி பயிரிட்டுச் சாயம் எடுக்கிறார்கள். 1897-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் அதே சாயத்தை ஆலையில் செய்து விற்கத் தொடங்கியபின் செடியின் காலம் ஏறக்குறைய முடிந்துபோயிற்று. இன்று கடையில் விற்கும் ஜீன்ஸ் பெரும்பாலும் செயற்கை நீலம் தோய்ந்ததே. செடியில் பிறந்தாலும் ஆலையில் பிறந்தாலும் இந்தச் சாயத்தின் குணம் ஒன்றுதான்: அது தண்ணீரில் கரையாது. ஆகவே அதை இரசாயன முறையில் கரையும் நிலைக்கு மாற்றித் தொட்டியில் விட்டு, நூலை முக்கியெடுத்துக் காற்றில் காட்டுவார்கள். காற்றுப் பட்டதும் அது மறுபடியும் கரையாத நீலமாகி நூலின்மேல் தங்கும். இப்படிப் பலமுறை முக்கினாலும் சாயம் நூலின் நடுவரை செல்வதில்லை. பருத்தி இழையோடு உறுதியான கட்டும் ஏற்படுவதில்லை. புது ஜீன்ஸின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிப் பிரித்துப் பாருங்கள். வெளியே நீலம், நடுவே வெள்ளை. மேலே ஒட்டியிருப்பது உராயும்போது உதிர்கிறது. முழங்கால் வெளுப்பதும் இருக்கை நீலமாவதும் ஒரே காரணத்தால்தான்.

வெங்காயத்தின் பெயரால் தமிழர் அறிந்த பெல்லாரி, 2014 முதல் அரசுப் பதிவில் பல்லாரி, ஜீன்ஸ் தைக்கும் சிறு கூடங்கள் நிறைந்த ஊர். அங்கே தைத்த மலிவான உடுப்புதான் சாயம் விடும், விலையுயர்ந்தது விடாது என்று எண்ணவேண்டாம். துவைக்காத கருநீலத் துணியே அதிகமாக உதிர்க்கும். பல வேளைகளில் அதுவே விலை கூடியதாகவும் இருக்கும். ஜீன்ஸ் மட்டுமல்ல, புதுச் சுங்குடிச் சேலை, சாயம் போகும் கருப்புக் கைப்பை, வெயிலில் இருக்கையின்மேல் கிடந்த செய்தித்தாள் ஆகியவையும் தங்கள் அடையாளத்தை விட்டுச்செல்லும். வெண்ணிற உடை உடுத்தும் நம் சபை மூத்தோரால் எந்த இருக்கைக்கும் ஆபத்தில்லை. அவர்களுக்கு அருகில் அமரும் பேரப்பிள்ளைகளால்தான் ஆபத்து.

பெங்களூரின் மழையையும் இங்கே சொல்லவேண்டும். மே மாத மாலைகளிலும், செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலும் திடீரென்று பெய்யும் மழையில் நனைந்த ஜீன்ஸோடு ஓடிவந்து காரில் ஏறுகிறோம். உலர்ந்த துணியைவிட ஈரத் துணி அதிகமாகச் சாயம் விடும். அதன்பின் போக்குவரத்து நெரிசலில் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், உடலின் பாரமும் சூடும் சேர்ந்து அதை இருக்கையில் அழுத்துகின்றன.

இனி தோலைக் கவனிப்போம். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்குத் தோலைப் பற்றிச் சொல்லித்தரத் தேவையில்லை. இந்நகரின் டேனரி ரோடும் தோல் பதனிட்ட கூடங்களால் பெயர் பெற்றதே. ஆகிலும் செருப்புக்கடையில் பார்க்கும் தோலுக்கும் கார் இருக்கைத் தோலுக்கும் மேற்பரப்பில் ஒரு வித்தியாசம் உண்டு. கார் இருக்கைக்கான மாட்டுத்தோலைப் பதனிட்டு, சாயமிட்டு, அதன்மேல் நிறப்பூச்சு பூசி, எல்லாவற்றுக்கும் மேலாக பாலியூரிதேன் என்னும் தெளிந்த காப்புப்பூச்சு பூசுகிறார்கள். இந்தப் பூச்சுகள் எல்லாம் சேர்ந்தாலும் ஏறக்குறைய ஒரு தலைமயிரின் பருமனே. நாம் இருக்கையைத் தடவும்போது நம் கை படுவது தோலின்மேல் அல்ல, இந்த மெல்லிய படலத்தின்மேலேயே. நீலக் கறையும் முதலில் அங்கேதான் தங்குகிறது. ஒரு வாரத்துக்குள் கவனித்தால் பெரும்பாலும் அது மேலே நிற்கும், எளிதில் வந்துவிடும். வெயிலில் நிறுத்திய காரின் சூட்டிலும் தினசரி அழுத்தத்திலும் மாதங்கள் கடந்தால் சாயம் படலத்துக்குள்ளேயே இறங்கிவிடும். அப்பொழுது கறையை மட்டும் எடுத்துப் படலத்தை விட்டுவைப்பது கடினம்.

இந்த ஒன்றை அறிந்துகொண்டால், எவற்றை இருக்கையில் படவிடக்கூடாது என்பது தானாக விளங்கும். நெயில் பாலிஷ் ரிமூவர், பெயிண்ட் தின்னர், பெட்ரோல் ஆகியவை கறையைக் கரைப்பதற்கு முன்பாகவே படலத்தை இளக்கிவிடும். பிளீச்சிங் திரவம் இருக்கையின் நிறத்தையும் எடுத்து, தையல் நூலையும் நலிவடையச் செய்யும். பற்பசையில் அரைத்தெடுக்கும் பொடி இருக்கிறது. மெருகு போய் அந்த இடம் மங்கித் தெரியும். துணி சோப்பும் சலவைத்தூளும் காரத்தன்மை உள்ளவை. பதனிட்ட தோலோ சற்று அமிலத்தன்மை உடையது. ஒருமுறை பட்டதால் உடனே கெட்டுவிடாது. வாரந்தோறும் வாட்டர் சர்வீஸ் நிலையத்தில் வெளியே தேய்க்கும் அதே நுரையால் உள்ளேயும் தேய்த்தால் தோல் வறண்டு வெடிக்கும். தேங்காய் எண்ணெய் தடவுவோரும் உண்டு. கறை போகாது, எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டி இன்னும் கருத்துப்போகும்.

வேலையைத் தொடங்கும் முன்பாக, உங்கள் இருக்கை தோல்தானா என்று அறிந்துகொள்ளுங்கள். "லெதர் சீட்" என்று சொல்லி விற்கப்படும் பல கார்களில் இருப்பது ஆர்ட் லெதர், அதாவது நம் பழைய ரெக்ஸினின் உறவு. உண்மைத் தோல் போட்ட கார்களிலும் உட்காரும் முகம் மட்டும் தோலாகவும், பக்கங்களும் பின்புறமும் செயற்கைப் பொருளாகவும் இருப்பதுண்டு. காருடன் வந்த கையேட்டில் இது குறிக்கப்பட்டிருக்கும். பி.வி.சி.யால் செய்த ரெக்ஸினில் அதை வளையச்செய்யும் எண்ணெய் போன்ற ஒரு பொருள் கலந்திருக்கிறது. சாயம் அதற்குள் இழுக்கப்பட்டு நிரந்தரமாகத் தங்கிவிடக்கூடும். ஆகையால் ரெக்ஸின் முரட்டுத்தனத்தைத் தாங்கும் என்று நாள் கடத்துவது தவறான எண்ணம். கீழே சொல்லும் முறை இரண்டுக்கும் பொருந்தும். ரெக்ஸினுக்கு அவசரம் மட்டும் கூடுதல்.

காரை நிழலில் நிறுத்தி, இருக்கை குளிர்ந்தபின் தொடங்குங்கள். மடிப்புகளில் உள்ள மணலையும் தூசியையும் முதலில் உறிஞ்சியெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அதுவே உப்புத்தாள் போலக் கீறும். தோலுக்கென்று விற்கும் மிதமான கிளீனர் இருந்தால் நலம். இல்லாவிட்டால் ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான நீரில் குழந்தைகளுக்கான ஷாம்பு இரண்டு மூன்று துளி போதும். அதை முதலில் இருக்கையின் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில், வெள்ளைத் துணியால் தொட்டுப் பாருங்கள். துணி வெள்ளையாகவே இருந்தால் கறையிடத்துக்கு வாருங்கள். நுரையை மட்டும் எடுத்து, மிருதுவான தூரிகையால் உள்ளங்கை அளவு இடத்தில் வட்டமாகத் தேய்த்து, உடனே ஈரத்துணியாலும் பின்பு உலர்ந்த துணியாலும் ஒற்றியெடுங்கள். துணியை அடிக்கடி திருப்பி மாற்றிக்கொள்ள வேண்டும். அழுக்கான பக்கத்தால் துடைத்தால் எடுத்த நீலத்தை மறுபடியும் பூசுகிறீர்கள்.

துணியில் ஒட்டும் நிறத்தைக் கவனித்துக்கொண்டே இருங்கள். நீலமாக வந்தால் கறை வருகிறது, தொடரலாம். பெய்ஜ் நிறமாகவோ இருக்கையின் வேறு நிறமாகவோ வந்தால் அந்த வினாடியே நிறுத்திவிடுங்கள். அநேகர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். துணியில் நிறம் வருவதைக் கண்டு சந்தோஷப்பட்டு இன்னும் பலமாகத் தேய்க்கிறார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் கறை இருந்த இடத்தில் வெளிறிய திட்டு ஒன்று தெரிகிறது.

ஒரே நாளில் முழுவதும் போகவேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். இரண்டு மூன்று முறை செய்து, உலரவிட்டு, அடுத்த வாரம் மறுபடியும் செய்யலாம். உலர்த்துவதற்கு வெயிலில் நிறுத்தவோ முடி உலர்த்தும் கருவியை நெருங்கிப் பிடிக்கவோ கூடாது. சிறு துளைகளுள்ள இருக்கையானால் நீர் உள்ளே இறங்காதபடி துணியை நன்றாகப் பிழிந்துகொள்ளுங்கள். அடியில் பஞ்சும், மின்விசிறியும், உணர்கருவிக் கம்பிகளும் உள்ளன.

இதற்கும் போகாத கறைக்கு, சாயக் கறை நீக்கவென்றே தோல் பராமரிப்புப் பொருள் விற்போரிடம் தனித் திரவம் கிடைக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு ஒற்றுவோரும் உண்டு. பேனா மைக்கு இது சில வேளை பயன்படும். ஆனால் படலத்தை இளக்கும் வல்லமை இதற்கும் உண்டு. மறைவான இடத்தில் சோதிக்காமல் தொடவேண்டாம். எளிதில் தீப்பற்றும் பொருள் ஆதலால் கார்க் கதவுகளைத் திறந்துவைத்தே செய்யுங்கள். மெலமின் பஞ்சும் இப்போது கடைகளில் கிடைக்கிறது. தொடுவதற்கு மிருதுவாக இருந்தாலும் அது மிக நுண்ணிய உப்புத்தாளே; நாம் அதைச் சிபாரிசு செய்யமாட்டோம்.

அதன்பின்பும் நின்றுவிட்ட கறைக்கு மறுநிறம் பூசுவதே வழி. தேர்ந்த வேலைக்காரர் பழைய பூச்சை இலேசாகத் தேய்த்து, இருக்கையின் நிறத்தைக் கலந்து ஒத்துப்பார்த்து, மெல்லிய அடுக்குகளாகத் தெளித்து, மேலே காப்புப்பூச்சு இடுவார். பணம் பேசும் முன்பாக இரண்டு கேள்விகள் கேளுங்கள்: தோலுக்கான நிறப்பூச்சா, காப்புப்பூச்சும் சேர்த்தா? சாதாரணப் பெயிண்டைத் தெளித்தால் சில மாதங்களில் மடிப்புகளில் உரியும்.

கறையை மறைத்துவிடலாம் என்று ஜே.சி. ரோட்டுக்குப் போய் சீட் கவர் மாட்டிவருகிறவர்களும் உண்டு. மாட்டுங்கள், ஆனால் உங்கள் காரில் பக்கவாட்டுக் காற்றுப்பை இருக்கையின் ஓரத்திலேயே பதிக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முதுகுப்புறத்தின் வெளியோரத்தில் "ஏர்பேக்" என்ற சிறு சீட்டு இருக்கும். விபத்தில் அந்தப் பை இருக்கையின் தையலைக் கிழித்துக்கொண்டு கண்ணிமைப்பதற்குள் வெளியே வரவேண்டும். கெட்டியான உறை அதைத் தடுத்தால் பாதுகாப்புக்கு வைத்த பை பயன்படாமற்போகும். காற்றுப்பைக்கு இடம்விட்டுத் தைத்த உறைகள் கிடைக்கின்றன. கடைக்காரர் சொல்வதோடு நில்லாமல், நீங்களே தையலைத் தடவிப் பாருங்கள். ஒரு நீலக் கறைக்காகப் பிள்ளையின் உயிர்க்காப்பை மூடிவிடுவது எவ்விதத்திலும் தகாது.

வராமல் தடுப்பது இவை எல்லாவற்றிலும் மலிவு. புது ஜீன்ஸை அணியும் முன்பாக உள்வெளியாகத் திருப்பி, தனியாக, பலமுறை துவையுங்கள். உப்பிலோ வினிகரிலோ ஊறவைத்தால் சாயம் நிலைத்துவிடும் என்று சொல்லப்படுகிறது. அவுரி நீலத்துக்கு அது பலிப்பதில்லை. மழைநாளில் இருக்கையின்மேல் பழைய வெள்ளை வேட்டியோ படுக்கைவிரிப்போ விரித்துக்கொள்ளுங்கள். சிவப்புத் துண்டை விரிக்கவேண்டாம், அது வேறொரு கறைக்குத் தொடக்கமாகும். தோலுக்கான காப்புத் திரவத்தைச் சில மாதங்களுக்கு ஒருமுறை பூசிவந்தால், உதிரும் சாயம் அதன்மேல் தங்கி எளிதில் துடைபடும்.

கார் வைத்திருக்கும் சகோதர சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. ஓட்டுநர் வைத்திருந்தால், வெறும் "கறையை எடு" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். கிளீனரையும் தூரிகையையும் நீங்களே வாங்கிக்கொடுங்கள். கையில் ஒன்றும் கொடுக்காமல் கட்டளை மட்டும் கொடுத்தால், அவர் பக்கத்து மெக்கானிக்கிடம் ஒரு மூடி தின்னர் கேட்பார். அதன்பின் வரும் சேதத்துக்கு அவருடைய சம்பளத்தில் கைவைப்பது நியாயமாகாது. ஓட்டுநர் சகோதரரே, முக்கியமாக ஆக்டிங் டிரைவராகப் போகிறவரே, சாவியை வாங்கியதும் முன்னிருக்கை, பின்னிருக்கை இரண்டையும் கைப்பேசியில் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். என்னவென்று தெரியாத எதையும் உங்கள் கையால் பூசாதீர்கள். கறை படிந்திருப்பது உங்கள் இருக்கையிலா, ஐயா அமரும் பின்னிருக்கையிலா என்பதையும் ஒருமுறை மரியாதையோடு சுட்டிக்காட்டலாம்.