அதிக மழை எந்த ஊரில்?

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் தென்கிழக்கே, கரிசல் பூமியின் நடுவில், 1970-ஆம் ஆண்டு எழுந்த அரசாங்கச் சிமெண்டு ஆலையால் பெயர் பெற்ற ஆலங்குளத்தில், மழை விட்ட மறுநாள் காலையில் டீக்கடைக்கு வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது எந்த ஊரில் அதிகம் பெய்தது என்பதைத்தான்; எத்தனை மில்லிமீட்டர் என்ற விவரம் அதற்குப் பிறகே வரும். கணினியில் நாம் பயன்படுத்தும் விரிதாளோ இதற்கு நேர்மாறான சுபாவம் உடையது. அளவைக் கேட்டால் உடனே சொல்லும், ஊரைக் கேட்டால் இரண்டு மூன்று உபாயங்களைச் சேர்த்துப் பிரயோகித்தால்தான் வாய் திறக்கும்.

2023 டிசம்பரில் தென் மாவட்டங்களை மூழ்கடித்த பெருமழையை எடுத்துக்கொள்வோம். 18-ஆம் தேதி காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 946 மில்லிமீட்டரும், திருச்செந்தூரில் 689 மில்லிமீட்டரும், ஸ்ரீவைகுண்டத்தில் 618 மில்லிமீட்டரும் பதிவாயின. இவற்றையும் மற்ற மழைமானி நிலையங்களின் அளவுகளையும், இடப்பக்கப் பத்தியில் ஊரும் வலப்பக்கப் பத்தியில் மழையுமாக எழுதி வைத்து, ‘மேக்ஸ்’ என்ற சூத்திரத்தைக் கொடுத்தால் 946 என்று விடை வரும். அந்த 946 எந்த ஊருக்கு உரியது என்பது ‘மேக்ஸ்’ அறியாத விஷயம். பத்து வரிகள் என்றால் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். மாநிலம் முழுவதுக்குமான நிலையங்கள், அதுவும் நாள்தோறும் மாறும் அளவுகள் என்றால் கண்ணை நம்பிப் பிரயோஜனமில்லை.

1979-இல் தனிநபர் கணினிக்கான முதல் விரிதாளான ‘விசிகால்க்’ வெளிவந்ததிலிருந்தே மனிதர்கள் இப்படித் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அலுவலகங்களில் மிகவும் பிரசித்தி பெற்ற ‘வீலுக்அப்’ இங்கே கைகொடுக்காது; தேடும் பொருள் முதல் பத்தியில் இருக்க வேண்டும், விடை அதற்கு வலப்புறம் இருக்க வேண்டும் என்பது அதன் நியமம். நாமோ பெயரை இடப்புறம் எழுதியே பழகியவர்கள். ஆகவே ‘மேட்ச்’, ‘இன்டெக்ஸ்’ என்ற இருவரின் துணையை நாட வேண்டியிருக்கிறது. 946 என்பது தெருவில் எத்தனையாவது வீடு என்று முன்னது எண்ணிச் சொல்லும்; அதே இலக்கமுள்ள வீட்டுக் கதவைப் பெயர்ப் பத்தியில் தட்டி, உள்ளே இருப்பவரைப் பின்னது அழைத்து வரும். இன்டெக்ஸ்(ஊர்ப் பத்தி, மேட்ச்(மேக்ஸ்(மழைப் பத்தி), மழைப் பத்தி, 0)) என்று ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினால் ‘காயல்பட்டினம்’ என்று விடை வந்துவிடும். 2019-இல் அறிமுகமான ‘எக்ஸ்லுக்அப்’ இருக்கும் கணினியில் இந்த இருவர் வேலையையும் அது ஒன்றே செய்துவிடும்.

கடைசியில் நிற்கும் அந்தப் பூஜ்யத்தை அற்பமாக எண்ணலாகாது. அதை விட்டுவிட்டால், எண்கள் ஏறுவரிசையில் இருப்பதாக ‘மேட்ச்’ தானாகவே அனுமானித்துக்கொண்டு, பட்டியலின் பாதியில் பார்த்து, மீதியின் பாதியில் பார்த்து என்று கீழ்நோக்கியே சென்று, பெரும்பாலும் கடைசி வரியிலுள்ள ஊரின் பெயரைக் கொண்டுவந்து நிறுத்தும். பிழை என்று ஓர் அறிகுறியும் காட்டாது. இதைவிட நுட்பமான அபாயம் ஒன்று உண்டு: சிரத்தையுள்ள குமாஸ்தா ஒருவர் வெறும் 946 என்று எழுதாமல் ‘946 மி.மீ.’ என்று அலகோடு தட்டச்சிட்டால், விரிதாள் அதை எண்ணாகவே மதிக்காமல் எழுத்து என்று ஒதுக்கிவிடும். அதிக மழை பெய்த ஊர் என்ற கௌரவம் திருச்செந்தூருக்குப் போய்விடும். அடிவரியில் கூட்டுத்தொகையைப் போட்டு, அதையும் சூத்திரத்தின் எல்லைக்குள் விட்டுவிட்டாலோ, ‘மொத்தம்’ என்ற ஊரில்தான் மழை அதிகம் என்று விடை வரும். அச்சிட்ட அறிக்கை எதிலாவது அப்படி ஓர் ஊர் இதுவரை இடம்பெற்றிருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

பெயரும் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டதன்று. தென்காசி மாவட்டத்திலும் ஓர் ஆலங்குளம் இருக்கிறது. மாவட்டத்தைக் குறிக்காமல் ஊர்ப்பெயரை மட்டும் எழுதிய பட்டியலில் ‘ஆலங்குளம்’ என்று விடை வந்தால், சூத்திரம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு ஊர்க்காரர்களும் தத்தம் கண்மாய் நிரம்பியதாக நினைத்துக்கொள்வார்கள்.

இரண்டு ஊர்களுக்கு ஒரே அளவு நேர்ந்தால் என்ன செய்வது? வானிலை அறிக்கைகளில் அளவைச் சென்டிமீட்டருக்குச் சுருக்கி எழுதும் வழக்கம் இருப்பதால் இது அபூர்வமன்று. ‘மேட்ச்’ மேலே முதலில் கண்ட ஊரோடு திருப்தியடைந்து திரும்பிவிடும். இன்னொரு ஊர் இருப்பதாக மூச்சுக்கூட விடாது. தேர்தலில் இப்படிச் சம வாக்குகள் விழுந்தால், 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் தன் 65-ஆவது பிரிவில் சீட்டுக் குலுக்கச் சொல்கிறது. சீட்டு யாருக்கு விழுகிறதோ அவருக்கு ஒரு வாக்கைக் கூட்டிக்கொண்டு வெற்றியை அறிவிக்கிறார்கள். நாற்காலி ஒன்று என்பதால் அங்கே ஒருவரைப் பொறுக்கியே ஆக வேண்டும். மழைக்கு அப்படி ஒரு நிர்ப்பந்தம் இல்லை. புதிய விரிதாள்களில் உள்ள ‘ஃபில்டர்’ சூத்திரம், உச்ச அளவைத் தொட்ட ஊர்கள் அத்தனையையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிடும். பழைய கணினியே வாய்த்தவர்கள், விடைக்குப் பக்கத்துக் கட்டத்தில் ‘கவுன்ட்இஃப்’ கொண்டு அந்த அளவு பத்தியில் எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ண வைத்து, அங்கே 1-க்கு மேல் தெரிந்தால் பட்டியலை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுவது உத்தமம்.