மலைக்குத்தான் போக வேண்டுமா?

விடுமுறை என்றவுடன் மலையை நினைப்பது நம்மவரிடையே ஊறிப்போன வழக்கம். சித்திரை பிறந்து வெயில் தலைக்கேறியதும், நுவரெலியாவில் அறை கிடைக்குமா, பங்களா கிடைக்குமா என்று விசாரிக்கத் தொடங்கிவிடுகிறோம். மட்டக்களப்பாருக்கு வழியும் நேராகவே அமைந்திருக்கிறது. செங்கலடிச் சந்தியில் மேற்கே திரும்பும் பெருந்தெருவே மகாஓயா, பிபிலை, பதுளை என்று ஏறி நுவரெலியாவுக்குப் போய்ச் சேருகிறது. இடையில் மகாஓயாவிலே இறங்கி, நிலத்தடியிலிருந்து கொதித்தெழும் வெந்நீர் ஊற்றுக்களைப் பிள்ளைகளுக்குக் காட்டவும் செய்யலாம். குளிரையும் மூடுபனியையும் தேயிலைச் சரிவுகளையும் ஒருமுறையேனும் பார்த்துவர வேண்டியதுதான். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் சித்திரைக் காலத்து நுவரெலியாவில் மலையைப் பார்ப்பதைக் காட்டிலும் முன்னால் நிற்கும் வாகனத்தின் முதுகைப் பார்ப்பதே அதிகம் என்று போய் வந்தவர்கள் கூறக் கேட்கிறோம்.

வீட்டு வாசலிலேயே கிடக்கும் வாவியை இந்த ஆண்டாவது பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தினால் என்ன?

வாவிக்கரையில் பிறந்து வளர்ந்தும் ஒருநாளும் தோணியில் ஏறாத சிறுவர் இன்று பலர். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. உள்நாட்டுப் போர் நீடித்த ஆண்டுகளில் இரவிலே வாவியில் தோணி விடுவது உயிரோடு விளையாடுவதாக இருந்தது. அக்காலத்தில் பிள்ளைப்பருவத்தைக் கழித்தவர்களே இன்றைய பெற்றோர். நீரோட்டத்தின் போக்கு, காற்றின் குறி, மீன் கூடும் இடம் ஆகியவற்றையெல்லாம் அறிந்தவர்கள் அப்பப்பாவும் அம்மம்மாவுமே. ஆகையால் வாவிப் பயணத்துக்குப் புறப்படும் குடும்பம், முதியவர்களை வீட்டுக் காவலுக்கு விட்டுவிட்டுப் போகலாகாது. அவர்களே இதற்கு வழிகாட்டிகள்.

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு ஏறாவூர்ப் பக்கமிருந்து கல்முனைப் பக்கம்வரை இவ்வாவி நீண்டு கிடக்கிறது. சூரியன் எழும் திசையில் கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நிலம் எழுவான்கரை. சூரியன் படும் திசையில் வயல்கள் விரிந்த நிலம் படுவான்கரை. இவ்வளவு அழகான இடப்பெயர்களைச் சூட்டிய முன்னோர் எவரோ! ஒரே நாளில் இரு கரைகளையும் பிள்ளைகள் மிதித்து வரவேண்டும். மண்முனையில் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்பட்ட பின்னர் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலுக்கு வண்டியிலேயே விரைந்து போய்விடலாம். ஆயினும் பாலத்தில் போகிறவனுக்கு வாவி ஒரு நிமிடக் காட்சி. நீரின் மேல் போகிறவனுக்கே அதன் அகலம் தெரியும். குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே நெடுங்காலமாக ஓடிவந்த 'பாதை' என்னும் மிதவையைப் பற்றி முதியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மண்டூர் முருகன் திருவிழாவுக்குக் கூட்டத்தோடு கூட்டமாய் அதில் நின்று சென்ற கதைகள் ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கும்.

கட்டுச்சோற்றைப் பற்றியும் ஒரு சொல். படுவான்கரை எருமைத் தயிர் ஒரு சட்டி, கொஞ்சம் தேன், வீட்டில் அவித்த பிட்டு, இறால் பொரியல். இவை இருக்கக் கடையில் பொட்டலம் வாங்குவானேன்? இப்பகுதியில் தமிழரும் முஸ்லிம்களும் ஊர் மாறி ஊர் அடுத்தடுத்து வாழ்வதைப் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்பர். ஊர்களைக் கடந்து போகும்போது குழலில் அடுக்கிய பிட்டைக் காட்டி அவ்வுவமையைச் சொன்னால், பாடப்புத்தகம் இல்லாமலே பிள்ளைக்கு விளங்கும்.

பகற்பொழுதில் கரையோரக் கண்டற் காடுகளைத் தோணியிலிருந்து பார்ப்பது நல்லது. சேற்றுக்கு மேலே விரல்களைப் போல நீட்டி நிற்கும் வேர்களின் இடுக்கிலேதான் இறாற் குஞ்சும் மீன்குஞ்சும் வளருகின்றன. கண்டலை வெட்டிய இடத்தில் வலையும் வெறுமையாகும். இங்கே ஓர் எச்சரிக்கை: தில்லை மரத்தின் பால் கண்ணிற் பட்டால் பார்வைக்கே கேடு. அதை முறிக்கவோ தடியாக ஒடிக்கவோ சிறுவரை விடலாகாது. வாவியில் முதலைகளும் உண்டாதலால், தோணிக்காரர் வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் கால் நனைக்கவும் கூடாது.

பாலமீன்மடுவிலே 1913இல் கட்டப்பட்ட வெளிச்சவீடு 28 மீற்றர் உயரத்துடன் நிற்கிறது. அருகில் வாவி கடலோடு கலக்கும் முகத்துவாரம். கோடையிலே அலைகள் மணலைக் குவித்து அதன் வாயை அடைத்துவிடும். மாரியில் வெள்ளம் பெருகி வயல்களை மூழ்கடிக்கும்போது மணல்திட்டை வெட்டி நீரைக் கடலுக்கு விடுவர். உப்புநீர் உள்ளே வருவதும் நன்னீர் வெளியே போவதுமான இந்த மூச்சினாலேயே வாவி உயிர்வாழ்கிறது. வாய் திறந்திருக்கும் காலத்தில் அங்கே இழுவை கடுமை. நீந்தத் தெரியும் என்ற துணிவு அங்கே செல்லாது. நீராட விரும்புவோர், வெகுதூரம்வரை ஆழமில்லாத பாசிக்குடாவுக்குப் போவதே முறை. அதுவும் மாரி கழிந்த பின்னர்.

முகத்துவாரத்தை அடுத்த நாவலடி, கடலுக்கும் வாவிக்கும் இடையே கிடக்கும் ஒடுங்கிய மணற்பரப்பு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அதன் மேல் ஏறிச் சென்றது. குடும்பத்தோடு அவ்வழியே போகிறவர்கள் சற்று நின்று, அன்று நடந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினால் வேடிக்கை பார்க்க நில்லாமல் ஓட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மலையே வேண்டும் என்று அடம்பிடிப்போருக்கும் மட்டக்களப்பில் இடமுண்டு. வடமேற்கே காட்டின் நடுவில், குடுமி முடிந்த தலைபோலத் தோன்றும் குடும்பிமலை சுமார் 530 மீற்றர் உயர்ந்து நிற்கிறது. வெள்ளைக்காரர் அதிலே ஒரு பிரபுவின் தொப்பியைக் கண்டனர். அவரவர் தலையில் உள்ளதுதானே அவரவர் கண்ணுக்குத் தெரியும்! யானைகள் நடமாடும் காடாதலால், அவ்வூரவர் துணையின்றிச் சிறுவரோடு போகலாகாது.

எல்லாவற்றிலும் மேலானது இரவுப் பயணம். கல்லடியில் 1924இல் எழுந்த மானிங் சீமாட்டி இரும்புப் பாலமும், 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலமும் அருகருகே நிற்கின்றன. பழைய பாலத்தின் அடியிலேதான் மீன் பாடும் என்பது பேர்பெற்ற செய்தி. இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனண்ட் 1848இல் இங்கே வந்து அவ்வொலியைக் கேட்டு, ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் ஓசையோடு அதை ஒப்பிட்டு எழுதினார். மீனவர்கள் அவருக்குக் காட்டியது மீனையன்று, ஊரியை. மீனா ஊரியா என்னும் வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. அமெரிக்க இயேசுசபைக் குருவான லாங் அடிகளார் செய்த ஒலிப்பதிவை 1960களில் இலங்கை வானொலி ஒலிபரப்பியது. யாழ்நூல் தந்த விபுலாநந்த அடிகளும் இவ்வாவியின் இசையில் நெஞ்சைப் பறிகொடுத்தவரே. அவருடைய சமாதி, அவர் வளர்த்த சிவானந்த வித்தியாலயத்தின் பக்கத்தில், கல்லடி உப்போடையிலேயே இருக்கிறது.

சித்திரை முதல் புரட்டாதி வரையிலான மாதங்களில், பூரணையை ஒட்டிய இரவுகளே இதற்கு ஏற்றவை. காற்று அடங்கிய பின்னர், தெருவில் வண்டியோட்டம் குறைந்த பின்னர் புறப்படுங்கள். இயந்திரப் படகு உதவாது. துடுப்பு வலிக்கும் தோணியே வேண்டும். உயிர்காப்பு அங்கி ஒவ்வொருவருக்கும் இருக்கிறதா என்று ஏறுமுன் பாருங்கள். கைபேசிகளை அணைத்துவிடுங்கள். பாலத்தை அணுகியதும் தோணியை நிறுத்தச் சொல்லி, துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் இறக்கி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்க வேண்டும். முதலில் வயதில் மூத்தவர் கேட்கட்டும்; எந்த ஒலி என்று அவரால்தான் சொல்ல இயலும். பிறகு துடுப்பு ஒவ்வொரு கையாக மாறட்டும். முதல் இரவில் ஒன்றும் கேளாதுபோனால், அடுத்த பூரணைக்கும் அதே தோணிக்காரரிடம் இப்போதே சொல்லிவையுங்கள். பனி இறங்குமாதலால் சிறுவருக்கு ஒரு போர்வையும் எடுத்துச் செல்லுங்கள்.