இளவரசிக்குப் பூவின் பெயர்!

ஹாலந்து நாட்டில் பெண்களுக்கு "மார்கிரீட்" என்று பெயர் வைப்பது உண்டு. அதற்கு என்ன பொருள் தெரியுமா? முத்து!

நம் ஊர் முத்தம்மாளுக்கும் அந்த ஊர் மார்கிரீட்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான்.

கிரேக்க மொழியில் முத்துக்கு "மார்கரிட்டெஸ்" என்று பெயர். அந்தச் சொல் ஐரோப்பா முழுவதும் பரவியது. இங்கிலாந்தில் "மார்கரெட்" ஆயிற்று. ஹாலந்தில் "மார்கிரீட்" ஆயிற்று.

அங்கே புல்வெளியில் பூக்கும் ஒரு பூவுக்கும் இதே பெயர். நடுவில் மஞ்சள், சுற்றிலும் வெள்ளை இதழ்கள். விலை கொடுத்து வாங்கும் பூ அல்ல. தானாக முளைக்கும் பூ.

இந்தப் பூவின் பெயர்தான் ஓர் இளவரசிக்கு வந்தது.

நாடு போயிற்று

1940 மே மாதம் ஹிட்லரின் படை ஹாலந்துக்குள் புகுந்தது. ராணி வில்ஹெல்மினா லண்டனுக்குத் தப்பினார். அவருடைய ஒரே மகள் ஜூலியானா, 2 பெண் குழந்தைகளுடன் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தார்.

ஹாலந்தில் இருந்த மக்கள் பூவைக் கொண்டு எதிர்ப்பைக் காட்டினார்கள். ஜூலியானாவின் கணவர் பெர்ன்ஹார்டு, சட்டையில் கார்னேஷன் பூ அணிபவர். 1940 ஜூன் 29 அவருடைய பிறந்த நாள். அன்று மக்களும் அதே பூவைக் குத்திக்கொண்டு தெருவில் நடந்தார்கள். ஜெர்மானியருக்கு வந்ததே கோபம்! ஹேக் நகர மேயரின் பதவி பறிபோயிற்று.

ஆஸ்பத்திரியில் தனிச் சட்டம்

கனடாவில் ஜூலியானா மீண்டும் கர்ப்பமானார். அங்கேதான் ஒரு சிக்கல். கனடா மண்ணில் பிறக்கும் குழந்தை பிரிட்டிஷ் பிரஜை ஆகிவிடும். ஆண் குழந்தை பிறந்தாலோ, அதுதான் ஹாலந்தின் வருங்கால மன்னர்!

கனடா சர்க்கார் ஒரு வழி செய்தது. ஜூலியானாவுக்குப் பிரசவம் நடக்கும் இடம் கனடாவின் எல்லைக்குள் சேராது என்று உத்தரவு போட்டது. அந்த இடத்தை ஹாலந்துக்கே கொடுத்துவிட்டதாகச் சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. கனடா மண்ணாகக் கணக்கில் வராது, அவ்வளவுதான்.

1943 ஜனவரி 19-ந் தேதி ஒட்டாவா ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. பார்லிமெண்டு கோபுரத்தில் ஹாலந்துக் கொடி பறந்தது.

குழந்தைக்கு "மார்கிரீட்" என்று பெயர் சூட்டினார்கள். யுத்த காலத்தில் எதிர்ப்புக்கு அடையாளமாக மக்கள் அணிந்த பூ அது! அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஞானத்தந்தை ஆனார். ஹாலந்து நாட்டுக் கப்பல் தொழிலாளர்களுக்கும் அந்தப் பெருமை கிடைத்தது.

1945-ல் ஹாலந்து விடுதலை அடைந்தது. நன்றிக் கடனாக 1 லட்சம் டூலிப் பூக் கிழங்குகளை ஜூலியானா ஒட்டாவாவுக்கு அனுப்பினார்.

அந்த ஆண்டு ஆகஸ்டு மாதம், இரண்டரை வயது மார்கிரீட் முதல் முறையாக ஹாலந்து மண்ணில் காலை வைத்தாள்.