கச்சேரிக் கணக்கும் கடைக்காரர் கணக்கும்

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் கரடிப்போக்குச் சந்தியிலிருந்து டிப்போ சந்திப் பக்கமாக நடந்தால் வங்கி, லீசிங் கம்பனி, மோட்டார் சைக்கிள் காட்சியறை என்று அடுத்தடுத்து வரும். இப்படியொரு கிளையைத் திறக்குமுன் கொழும்புத் தலைமையகத்தில் யாரோ கிளிநொச்சியை அட்டவணையில் பார்த்திருப்பார்கள்: எத்தனை குடும்பம், எந்த வயதினர் அதிகம், எத்தனை வீட்டுக்கு ஓட்டுக் கூரை, எத்தனை வீட்டில் மின்சாரம்.

1981ஆம் ஆண்டுத் தொகைமதிப்பு நடந்தபோது கிளிநொச்சி என்று ஒரு மாவட்டமே இல்லை. யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் அடங்கியிருந்தது. 1984இல்தான் அது தனி மாவட்டமானது. பிறகு பிரித்தெடுத்துப் பார்த்ததில் 1981இல் இங்கே இருந்தவர்கள் சுமார் 92 ஆயிரம் பேர். அந்தக் காலத்துக் கடைக்காரருக்கு அந்த எண் தேவைப்படவும் இல்லை. இரணைமடுக் குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்க விடப்போகிறார்கள் என்பது தெரிந்தால் போதும். அதை வைத்தே அறுவடை வரை யாருக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்று முடிவெடுத்துக் கொப்பியில் எழுதிவிடுவார். உருத்திரபுரத்து வயற்காரர் என்ன வாங்குவார், பாய்ச்சல் காணியில்லாத கூலிக் குடும்பம் என்ன வாங்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

அவர் மனத்தில் வைத்திருந்ததை மேற்கே ஒரு துறையாகவே வளர்த்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சார்ல்ஸ் பூத் லண்டன் தெருக்களை வறுமைக்கும் வசதிக்கும் ஏற்ப நிறம் தீட்டி வரைபடமாக்கினார். 1970களின் பிற்பகுதியில் ரிச்சர்ட் வெபர் பிரித்தானியத் தொகைமதிப்பைக் கொண்டு குடியிருப்புகளை வகைவகையாகப் பிரிக்க, அது ஏகோர்ன் என்ற பெயரில் வியாபாரிகளின் கைக்கு வந்தது. ஒரே தெருவில் ஒரேமாதிரி வீட்டில் இருப்பவர்கள் ஏறக்குறைய ஒரேமாதிரித்தான் வாங்குவார்கள் என்பதே இதன் அடிப்படை. லண்டனில் இது பெரும்பாலும் பலிக்கிறது. கிளிநொச்சியில் ஏன் இடறுகிறது என்பதுதான் என் கவலை.

முதலாவது, எண்ணப்படாத காலம் மிக நீளம். 1981க்குப் பின் இருபது ஆண்டுகள் நாட்டில் தொகைமதிப்பே இல்லை. 2001இல் நடந்தபோது யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு மூன்று மாவட்டங்களிலும் போரால் அதை நடத்த முடியவில்லை. நாடு முழுவதற்குமான அட்டவணைகளில் இந்த வரிகள் வெறுமையாகக் கிடந்தன. அதற்காக இங்கே கணக்கே இருக்கவில்லை என்று யாரும் நினைக்கவேண்டாம். நிவாரண அட்டைக்காகக் கிராம அலுவலர்களான ஜீ.எஸ்மார் குடும்பம் குடும்பமாக எழுதினார்கள். கூட்டுறவுச் சங்கக் கடைக்கு அரிசியும் மாவும் பருப்பும் அந்தப் பதிவை வைத்தே வந்தன. மாவட்டச் செயலகங்களின், அதாவது கச்சேரிகளின், அந்தக் கணக்கை வைத்துத்தான் 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் கேள்வி எழுப்பினார். 2008 ஒக்டோபரில் கிளிநொச்சி அடங்கிய வன்னியில் 429,059 பேர் இருந்தார்கள், போரின் முடிவில் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 282,380 பேர், மிகுதி 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். குடிசன எண்ணிக்கை என்றதும் இங்குள்ளவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தக் கழித்தல்தான். படிவத்தோடு படலையில் வந்து நிற்கும் எந்த ஆய்வாளரும் இதை அறிந்திருக்கவேண்டும்.

2012 மார்ச்சில்தான் முழுமையான தொகைமதிப்பு வந்தது. கிளிநொச்சி மாவட்டத்தில் 113,510 பேர். கிராம அலுவலர் பிரிவு வரை தரவு கிடைத்தது. மாவட்டத்தில் அப்படி 95 பிரிவுகள். சந்தை ஆய்வுக்கு இது பெரிய வாய்ப்பு. ஆனால் எண்ணிய நேரத்தைப் பாருங்கள். மீள்குடியேறிய சனம் அப்போதும் தகரக் கொட்டிலிலும் தறப்பாளின் கீழும் இருந்தது. அந்த ஆண்டு ஒக்டோபரில் இந்திய வீட்டுத்திட்டம் வேகமெடுத்தது. ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபா, பகுதி பகுதியாக. ஓரிரு ஆண்டுக்குள் கல்வீடுகள் எழும்பிவிட்டன. தகரக் கூரை என்று எழுதிய அட்டவணை மை காயுமுன்னே பழசாகிவிட்டது.

அதைவிடச் சிக்கலானது அடுத்தது. தொகைமதிப்பு வருமானத்தைக் கேட்பதில்லை. சுவர், கூரை, மலசலகூடம், சமையல் எரிபொருள் ஆகியவற்றைக் கேட்கிறது. ஆய்வாளர் அவற்றிலிருந்து வசதியை ஊகிக்கிறார். இங்கே ஓட்டுக் கூரை சொல்வது திட்டத்தின் பெயரை. குடும்பத்தின் வருமானத்தை அல்ல. அப்படியொரு வீட்டைச் சுற்றிவந்து பாருங்கள்: முன்சுவர் பூசியிருக்கும், பின்சுவரில் கல் தெரியும், உள்ளறைக்குக் கதவுக்குப் பதிலாகச் சேலை தொங்கும். கொடுத்த காசு போதாமல் பட்ட கடன் வேறு. 2016ஆம் ஆண்டு வீட்டு வருமானச் செலவு ஆய்வில் நாட்டின் வறுமை வீதம் 4.1, கிளிநொச்சியில் 18.2, அந்த ஆண்டில் எல்லா மாவட்டங்களிலும் அதுவே உச்சம். அதே காலத்தில்தான் கிழமைக் காசு வாங்கும் நுண்கடன் நிறுவனங்கள் ஊர்ப் பெண்களைக் குழுவாக்கிக் கடன் கொடுத்துக்கொண்டிருந்தன. 2018இல் அரசு 12 மாவட்டங்களில் ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நிலுவைக் கடனைத் தள்ளுபடி செய்யவேண்டி வந்தது; கிளிநொச்சியும் அதில் ஒன்று.

இன்னும் இரண்டு இடத்தில் அட்டவணை ஊரை மறைக்கிறது. இலங்கைத் தொகைமதிப்பில் மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் இருப்பது மட்டுமே நகரம். கிளிநொச்சியில் இருப்பவை பிரதேச சபைகள். ஆகவே வங்கிகள் நிறைந்த ஏ9 வீதிக்கரையும் 2012 அட்டவணையில் கிராமமே. நகர வாடிக்கையாளரைத் தேடி மாதிரி எடுப்பவரின் கண்ணில் இந்த மாவட்டத்தில் ஒருவரும் படமாட்டார். மற்றது, 1958, 1977 கலவரங்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். மாவட்டத்தில் அவர்கள் தொகை கணிசமானது. பாய்ச்சல் காணியில்லாமல் கூலிக்குப் போகும் குடும்பங்கள் அவர்களுக்குள் அதிகம். தொகைமதிப்பிலோ பலர் இலங்கைத் தமிழர் என்றே பதிவதால் அந்த வேறுபாடு இனத்தைக் காட்டும் நிரலில் தெரிவதில்லை.

2024 டிசம்பர் 19ஐ மையமாக வைத்து அடுத்த தொகைமதிப்பு நடந்தது, இம்முறை டப் கணினியில். கிளிநொச்சியின் சனத்தொகை சுமார் 1 இலட்சத்து 36 ஆயிரம். போர் முடிந்த பின் பிறந்த பிள்ளைகளில் மூத்தவர்கள் இப்போது சாதாரண தரம் எழுதும் வயதில் நிற்கிறார்கள். இந்தத் தரவை வாங்கிப் பார்க்கப் பெரிய கம்பனியாக இருக்கவேண்டியதில்லை. பரந்தனில் மாவு மில் போட நினைக்கும் ஒரு பெண்ணும் கச்சேரியின் புள்ளிவிபரக் கிளையில் தன் பிரிவுக் கணக்கைக் கேட்கலாம். கேட்டு வாங்கிக்கொண்டு, கையோடு ஜீ.எஸ்ஸிடமும் போகவேண்டும்: இந்தக் குடும்பங்களில் யாருக்கு வயல், யாருக்குக் கூலி, யாருக்கு வெளிநாட்டுக் காசு என்று அவரிடம்தான் கேட்டறிய முடியும்.