தனியாள் என்றால் அன்று பத்துப் பேர்

ஒரு ஃபாரம் என்றால் 16 பக்கம். ஈய எழுத்துக் காலத்தில் சிறிய அச்சகம் ஒன்றில் ஒரே சமயத்தில் இரண்டு மூன்று ஃபாரங்களுக்கு மேல் கோக்க எழுத்து இருக்காது. கம்பாசிடர் கேஸிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்து, கட்டி, மை தடவி புரூஃப் எடுத்துக் கொடுப்பார். அதைத் திருத்திக் கொடுத்தால்தான் அச்சாகும். அச்சானால்தான் எழுத்தைக் கலைத்து மறுபடி கேஸில் போடலாம். கலைத்தால்தான் அடுத்த பக்கங்களுக்கு எழுத்து. எழுதியவர் புரூஃபைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் யோசிக்க முடியாது. அச்சகத்துப் பையன் வாசலில் நிற்பான். முதல் ஃபாரம் அச்சாகிக் கலைத்த பிறகு கதாநாயகியின் பெயரை மாற்றத் தோன்றினால் தோன்றியதோடு சரி.

இன்று கோப்பு மூடுவதே இல்லை. ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘கடைசி ஃபைனல்’ என்று ஒரே நாவல் பல பெயர்களில் மடிக்கணினியில் கிடப்பது எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. திருத்தும் வசதி வந்ததில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. கார்பன் தாள் வைத்து எழுதி, ஒரே பிரதியைத் தபாலில் தொலைத்தவர்களைக் கேட்டால் அதன் அருமை தெரியும். ஆனால் ‘போதும், முடிந்தது’ என்று சொல்லும் வேலையில் பாதியை அன்று ஈயம் செய்தது. இப்போது முழுவதையும் எழுதுகிறவரே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. மனதில் தோன்றியதைக் காரியமாக்குவது பற்றிப் பேசும்போதெல்லாம் உறுதி, ஒழுங்கு, விடாமுயற்சி என்று ஆளின் குணத்தைத்தான் பேசுகிறோம். அச்சகமும் தபால் நிலையமும் நண்பர் கூட்டமும் அதில் எவ்வளவு பாரம் தாங்கின என்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

தனியாள் முயற்சி என்றதும் தமிழில் முதலில் நினைவுக்கு வருபவர் சி.சு. செல்லப்பா. 1959 ஜனவரியில் ‘எழுத்து’ இதழைத் தொடங்கி 1970 வரை 119 இதழ்கள் கொண்டுவந்தார். திருவல்லிக்கேணி பிள்ளையார் கோயில் தெருவில் இருந்த வீடுதான் அலுவலகம். எழுத்து பிரசுரத்தின் புத்தகங்களைத் தானே சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். கடைசிவரை ஆள் மாறவில்லை. மூன்று பாகமுள்ள ‘சுதந்திர தாகம்’ நாவலை 1997இல், 85 வயதை ஒட்டிய காலத்தில், தானே வெளியிட்டார். அடுத்த ஆண்டு இறுதியில் மறைந்தார். அதற்குச் சாகித்திய அகாதெமி விருது வந்தது 2001இல்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு ‘ஒற்றை மனிதரின் வேள்வி’ என்று முடித்துவிடுவது வழக்கம். பழைய இதழ்களைப் புரட்டினால் வேறு ஒன்றும் தெரிகிறது. ந. பிச்சமூர்த்தி மறுபடி கவிதைக்குத் திரும்பி அதில் எழுதுகிறார். நாகர்கோவிலிலிருந்து சுந்தர ராமசாமி பசுவய்யா என்ற பெயரில் கவிதை அனுப்புகிறார். திருகோணமலையிலிருந்து இருபது வயதை ஒட்டிய தருமு சிவராமு, பின்னாளில் பிரமிள் ஆனவர், கவிதையும் விமரிசனமுமாக வந்து சேர்கிறார், அவர் ஓவியரும்கூட. சி. மணி, வெங்கட் சாமிநாதன் என்று வரிசை நீள்கிறது. 1962இல் செல்லப்பா தொகுத்த ‘புதுக்குரல்கள்’ 24 பேரின் 63 கவிதைகளைக் கொண்டது. செல்லப்பா தனியாகச் சுமந்தது பையை. அந்தப் பைக்குள் இருந்தது ஒரு கூட்டம். அவரவர் ஊரில் தனித்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு, எழுதினால் அனுப்ப ஒரு முகவரி, படித்துவிட்டுச் சண்டை போட ஓர் ஆள் இருந்தார். எழுதவைத்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

அறுபதுகளின் பின்பகுதியில் சென்னையில் சில இளைஞர்கள் இலக்கியச் சங்கம் என்று கூடினார்கள். அவர்களில் நால்வரின் கதைகள் சேர்ந்து ‘கோணல்கள்’ என்று தொகுப்பாயின. தனித்தனியாக நான்கு பேரும் பதிப்பாளரைத் தேடி அலைந்திருந்தால் நான்கு கதவுகள் சாத்தியிருக்கும்; சேர்ந்து செலவு செய்ததில் ஒரு புத்தகம் வந்தது. 1970 அக்டோபரில் ‘கசடதபற’ இதழ் வந்தது. ஞானக்கூத்தன், ந. முத்துசாமி, சா. கந்தசாமி எல்லோரும் அந்த வட்டம்தான். ‘கோணல்கள்’ நால்வரில் ஒருவரான எஸ். ராமகிருஷ்ணன் 1974இல் க்ரியாவைத் தொடங்கினார். முத்துசாமி 1977இல் கூத்துப்பட்டறைக்குப் போனார். ஒரு மாலை நேரப் பேச்சிலிருந்து பதிப்பகமும் நாடகக் குழுவும் கிளைத்தன.

இந்தச் சிறுபத்திரிகைகளின் ஓவியங்களைப் பற்றி யாரும் அதிகம் சொல்லாத ஒரு காரணம் உண்டு: பிளாக் செலவு. புகைப்படமோ நீர்வண்ணமோ அச்சாக வேண்டுமானால் ஹாஃப்டோன் பிளாக் வேண்டும். அது விலை அதிகம், சுமாரான தாளில் சரியாக விழவும் விழாது. கறுப்பு மையில் வெறும் கோடாக வரைந்தால் லைன் பிளாக் போதும், மலிவு. கே.எம். ஆதிமூலத்தின் கோடுகள் சிறுபத்திரிகை அட்டைகளில் அப்படி உயிர் பெற்றதற்கு அவர் கைத்திறன் முதல் காரணம். சென்னை ஓவியக் கல்லூரியில் கோட்டுக்கு இருந்த மரியாதை இரண்டாவது. மூன்றாவதாகத் துத்தநாகத் தகட்டின் விலையையும் சேர்த்துக்கொள்வேன். பணமில்லாத பத்திரிகையும் கோட்டை நம்பிய ஓவியர்களும் ஒருவருக்கொருவர் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்திவிட்டார்கள். தீபாவளி மலர்களின் பளபளப்பிலிருந்து விலகிய ஒரு தோற்றம் தமிழ்ப் புத்தகங்களுக்குக் கிடைத்தது அப்படித்தான்.

ஓவியர்கள் இன்னொரு படி மேலே போனார்கள். கே.சி.எஸ். பணிக்கர் அப்போது சென்னை ஓவியக் கல்லூரி முதல்வர். படித்து முடித்த பிள்ளைகள் படம் வரைந்து பிழைக்க முடியாது. வேலைக்குப் போனால் படம் வரைய முடியாது. இந்தச் சிக்கலை அவர் அறிவுரையால் தீர்க்கவில்லை. கைவினை ஓவியர் சங்கம் ஒன்று அமைந்தது. பாத்திக் துணி, தோல், பீங்கான், உலோகம் என்று விற்கக்கூடியதைச் செய்தார்கள். மெழுகால் ஓவியமிட்டுச் சாயத்தில் முக்கும் பாத்திக்குக்கு அன்று நல்ல கிராக்கி. அந்தப் பணத்தில் 1966இல் மாமல்லபுரம் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் ஏறத்தாழ 10 ஏக்கர் மணற்காட்டை வாங்கினார்கள். சோழமண்டலம் கலைஞர் கிராமம் பிறந்தது. முதலில் குடிசைகள்தாம். ஜே. சுல்தான் அலி, எஸ். நந்தகோபால், எஸ்.ஜி. வாசுதேவ், பி. கோபிநாத், கே. ராமானுஜம் என்று பலர் அங்கே வேலை செய்தார்கள். கைவினை வயிற்றுக்கு, படமும் சிற்பமும் தனக்கு என்று நாளைப் பங்கு பிரித்தார்கள்.

இதில் நான் திரும்பத் திரும்ப வியப்பது ஒன்றுதான். வயிற்றுப்பாட்டுக்காகச் செய்த வேலையும் கைவேலையாகவே இருந்தது. காலையில் தகட்டை அடித்து நகை செய்த கை மாலையில் சிற்பத்துக்குப் போனது. எழுத்தாளர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் குறைவு. சுந்தர ராமசாமிக்கு நாகர்கோவிலில் துணிக்கடை. ஆதிமூலத்துக்கு நெசவாளர் சேவை மையத்தில் வேலை. ஜெமினி ஸ்டூடியோவை 1966இல் விட்டு வெளியே வந்து எழுத்தை மட்டும் நம்பிய அசோகமித்திரன் பட்ட பாடு அவர் கட்டுரைகளிலேயே இருக்கிறது. ஆனாலும் கடையும் அலுவலகமும் ஒரு நேரத்தில் மூடின. மூடிய பிறகு கிடைத்த நேரம் முழுசாகச் சொந்தம்.

நடுவில் டிடிபி காலம் ஒன்று வந்து போயிற்று. பேஜ்மேக்கர், பட்டர் பேப்பர், நெகடிவ், ஒரு கணினியில் திறந்தால் இன்னொன்றில் கட்டம் கட்டமாகத் தெரியும் எழுத்துருக்கள். ஈயம் போனது. கம்பாசிடர் போனார், அவரோடு முதல் வாசகரும் போனார். ‘இந்த வரி முன்னாடியே வந்துதே சார்’ என்று கேட்கக்கூடியவர் அவர்.

இன்றைக்கு வருவோம். தேனியில் இருக்கும் இளம்பெண் ஒருவர் கைபேசியில் கதை எழுதுகிறார், டேப்லெட்டில் அதற்குப் படம் வரைகிறார், யூனிகோடு எழுத்துருவில் தானே பக்கம் வடிவமைக்கிறார், பிடிஎஃப் அனுப்புகிறார், 50 பிரதி வாங்கிக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இதில் நடக்காத காரியம் எதுவும் இல்லை. 2016 டிசம்பரில் கிண்டிலில் தமிழ் நூல்கள் வந்த பிறகு அந்த 50 பிரதிகூடக் கட்டாயமில்லை. 1200 பிரதி அடித்து, நூலக ஆணை வருமா என்று பார்த்துக்கொண்டு, கட்டிலுக்கு அடியில் கட்டுக்கட்டாக வைத்திருந்த காலம் போயிற்று. பிளாக் செலவு என்ற சொல்லே அந்தப் பெண்ணுக்குத் தெரியாது.

இதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஏனென்றால் அந்தப் பழைய கூட்டங்கள் எல்லோரையும் உள்ளே விடவில்லை. திருவல்லிக்கேணி அறையிலும் கடற்கரை மணலிலும் இரவு ஒன்பது மணிவரை உட்கார்ந்து பேசப் பெண்களால் முடிந்திருக்குமா? சேரியிலிருந்து வந்த பேச்சுத் தமிழை அந்த அவைகளில் எத்தனை காது கேட்டிருக்கும்? பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தபோது அதை வெளியிட்டது பெயர் பெற்ற இலக்கியப் பதிப்பகம் அல்ல. மதுரையில் சமூகப் பணி சார்ந்த ஐடியாஸ் அமைப்பு. கூட்டம் சேர்ந்தால் காரியம் நடக்கும் என்பதன் மறுபக்கம், கூட்டத்தில் சேர்க்கப்படாதவரின் காரியம் நடக்காது என்பது. அந்த வாசலை இன்றைய கருவிகள் உடைத்திருக்கின்றன.

ஆனால் அந்தத் தேனிப் பெண் எத்தனை பேர் வேலையைச் செய்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். எழுத்தாளர், ஓவியர், மெய்ப்பாளர், வடிவமைப்பாளர், பதிப்பாளர், விற்பனையாளர், கணக்குப்பிள்ளை, பார்சல் கட்டுபவர். போதாக்குறைக்குப் படம் வரைவதைப் படம் பிடித்து ரீல்ஸ் போடுபவர். சோழமண்டலத்தில் பாத்திக் இருந்த இடத்தில் இன்று இருப்பது இந்தக் கடைசி வேலை. பாத்திக் விற்றால் காசு வந்தது. ரீல்ஸ் பெரும்பாலும் பார்த்தவர் எண்ணிக்கையோடு நின்றுவிடுகிறது. அது எந்த நேரத்திலும் மூடுவதும் இல்லை. வரைந்து முடிக்கும் முன்னரே வரையப்போவதைச் சொல்லி, நூறு இதயக்குறி வாங்கி, செய்துவிட்ட திருப்தியும் வந்துவிடுகிறது. பிறகு வரைவானேன்? இது போதாதென்று, சொன்னதும் படம் போட்டுத் தரும் செயற்கை நுண்ணறிவு வந்து, அட்டைப்படம் என்ற சின்ன வருமானத்திலும் கை வைத்திருக்கிறது.

இணையத்தையே ஈய எழுத்தாக்கிக்கொண்டவரும் உண்டு. ஜெயமோகன் 2014 ஜனவரியில் தொடங்கி 2020 ஜூலைவரை ‘வெண்முரசு’ நாவல் வரிசையைத் தினம் ஓர் அத்தியாயமாகத் தன் தளத்தில் வெளியிட்டார், 26 நாவல்கள். முதல் நாவல்களுக்கு ஷண்முகவேல் ஓவியம் வரைந்தார். எந்த அச்சிதழும் இவ்வளவு இடம் தந்திருக்காது. நாளைக் காலை வாசகர் வந்து நிற்பார் என்பதுதான் அங்கே அச்சகத்துப் பையன். அந்த எழுத்தை விரும்பலாம், விரும்பாமல் போகலாம். தனியாள் முயற்சி என்று சொல்லப்படும் அதற்குப் பின்னாலும் ஓவியர், மெய்ப்பு பார்க்கும் நண்பர்கள், அன்றன்று படித்துக் கடிதம் எழுதிய வாசகர்கள் இருந்தார்கள் என்பதை மறுக்க முடியாது.

பணக் கணக்கும் நினைத்த அளவு மாறவில்லை. தேவைக்கு அச்சிடும் முறையில் பத்துப் பிரதி அடித்தாலும் நூறு அடித்தாலும் பிரதிக்கு ஆகும் செலவு பெரிதாக இறங்காது. ஆஃப்செட்டில்தான் எண்ணிக்கை கூடக்கூட இறங்கும். எனவே விலையை ஏற்ற வேண்டும் அல்லது எழுதியவர் பங்கைக் குறைக்க வேண்டும். க்யூஆர் அட்டையைக் காட்டினால் பணம் நொடியில் வருகிறது. புத்தகம் போய்ச்சேர ஆகும் செலவு ஏறிவிட்டது. சிறுபத்திரிகைக்காரர்களும் சிறு பதிப்பகங்களும் நம்பியிருந்த பதிவுப் புத்தக அஞ்சலை 2024 டிசம்பரில் அஞ்சல் துறை நிறுத்தியது. செல்லப்பாவுக்குத் தோள் வலித்தது. இப்போது கூரியர் ரசீது வலிக்கிறது.

சோழமண்டலம் போல இன்னொன்று ஏன் வரவில்லை என்று கேட்பவர்களுக்குப் பதில் நிலப் பத்திரத்தில் இருக்கிறது. ஈஞ்சம்பாக்கம் 2011இல் சென்னை மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. பழைய மணற்சாலை இன்று கிழக்குக் கடற்கரைச் சாலை. பாத்திக் விற்ற காசில் அங்கே ஒரு சென்ட் வாங்க முடியாது. அச்சும் எழுத்துருவும் கேமராவும் மலிந்த காலத்தில் மலியாதவை இரண்டு: உட்கார ஓர் இடம், இடையூறில்லாத பகல். அதனால்தான் மூன்று நான்கு பேர் சேர்ந்து மாடி வாடகைக்கு எடுப்பதைச் சென்னையிலும் கோவையிலும் மறுபடி பார்க்க முடிகிறது. ஒருவர் காலையில் பள்ளியில் ஓவியம் கற்பிக்கிறார், ஒருவர் விளம்பர நிறுவனத்துக்கு வடிவமைக்கிறார், வாடகையைப் பிரித்துக்கொள்கிறார்கள். பார்சல்களைச் சேர்த்துக் கட்டி ஒருவர் எடுத்துப்போகிறார். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்காமல் அச்சுக்கு அனுப்புவதில்லை என்று அப்படிப்பட்ட ஒரு மாடியில் விதி வைத்திருக்கிறார்கள். இந்த விதியால் தன் புத்தகம் ஜனவரிப் புத்தகக் காட்சியைத் தவறவிட்டது என்று அவர்களில் ஒருவர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். படித்தவர் முப்பது பக்கத்தை எடுக்கச் சொல்லியிருந்தார். எடுத்துவிட்டார்.